குற்றத்தைப் படிப்பது

குற்றத்தைக் கல்லூரியில் உட்கார்ந்து படிப்பது என்றால் நம்மில் பலருக்கு இன்னமும் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சட்டம் படித்தவன் வக்கீலாகிறான்; வைத்தியம் படித்தவன் டாக்டராகிறான்; குற்றம் படித்தவன் என்ன ஆவான்? "திருடனைப் பிடிக்கப் படிப்பு என்னத்துக்கு ஐயா, ஒரு நல்ல நாய் போதாதா?" என்று கேட்ட பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கேலிக்குச் சொன்னார். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்து கொண்டிருக்கிறது. நீதி என்பது மனசாட்சியின் சங்கதியா, பாடப் புத்தகத்தின் சங்கதியா? படித்ததனால் ஒருவன் நியாயவானாகி விடுவானா? குற்றவாளியைப் பற்றி நிறையத் தெரிந்து கொள்வதனால் அவனிடம் நாம் நடந்து கொள்ளும் முறை நேர்மையாகி விடுமா, அல்லது அவனை இன்னும் சாமர்த்தியமாக நசுக்கக் கற்றுக் கொள்வோமா?

கேள்வி வேடிக்கையானதல்ல. ஏனென்றால் படிப்பு என்னவோ நடந்து கொண்டுதான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனித் துறை உண்டு. திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அமெரிக்காவில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' என்ற பெயரில் இந்தப் பட்டத்தை வாங்கிக் கொண்டு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். போலீஸ், நீதிமன்றம், சிறை என்ற மூன்று கட்டடங்களையும் ஒரே படிப்பாகப் படிக்கிறார்கள். என் தங்கை மகள் ஒருத்தியும் இதைத்தான் படிக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படிப்பைக் கல்லூரிக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் கல்லூரிப் பக்கமே போகாத ஒரு மனிதர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். (கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காதவன் நான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.) அவர் பெயர் ஆகஸ்ட் வால்மர். கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் தபால்காரராக இருந்தவர். 1905-ஆம் ஆண்டில் ஊர்க்காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்துப் போலீஸ்காரனுக்கு விசாரணை என்றால் தெரிந்தது ஒன்றுதான்: அடி. அடித்தால் உண்மை வரும் என்பது உலகம் முழுவதும் போலீஸ் ஸ்டேஷன்களின் வேதாந்தம். நம் ஊரில் அதற்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். வால்மர் அதை நம்பவில்லை. போலீஸ்காரன் சாட்சியத்தைப் படிக்கக் கற்றுக் கொள்ள வேண்டும், மனிதனைப் படிக்கக் கற்றுக் கொள்ள வேண்டும் என்றார். 1916-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கோடைகால வகுப்புகள் தொடங்க வழி செய்தார். பட்டம் பெற்ற வாலிபர்களைத் தேடிப் பிடித்துப் போலீஸில் சேர்த்தார். அவர்களை ஊரே கேலி செய்தது.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜான் லார்சன். டாக்டர் பட்டம் பெற்ற போலீஸ்காரர். அவர்தான் 1921-ல் பொய்யைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். நோக்கம் உயர்ந்தது, அடிக்குப் பதில் ஒரு கருவி. ஆனால் நடந்தது என்ன? கருவியே ஓர் அடியாக மாறிற்று. "இயந்திரம் உன்னைப் பொய்யன் என்கிறது, ஒப்புக்கொள்" என்று மிரட்டுவதற்கு அது பயன்பட்டது. லார்சனே பிற்காலத்தில் தம் குழந்தையைப் பார்த்து மனம் வெறுத்துப் போனார். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட், ஒருவருடைய சம்மதமில்லாமல் இந்தச் சோதனையையோ மயக்க மருந்துச் சோதனையையோ செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனையோ பேருடைய ரத்த அழுத்தத்தைக் கோடு கிழித்துப் பார்த்து முடித்திருந்தார்கள்.

படிப்பு தவறு என்று சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. படிப்பினால் கை சுத்தமாகி விடுவதில்லை என்று சொல்ல வருகிறேன். அடிக்கிற கை பேனாவைப் பிடித்துக் கொண்டும் அடிக்கும்.

இதற்கு வால்மரை விடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற டாக்டர். வில்லெல்லா என்ற கைதி இறந்த பிறகு அவனுடைய மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் பின்புறத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் அவருக்குக் குற்றத்தின் ரகசியம் முழுவதும் தெரிந்து விட்டது! குற்றவாளி பிறக்கிறான், ஆகிறவனல்ல. அவன் மனித குலத்தின் பழைய காட்டுப் பிறவி. தாடையைப் பார், காதைப் பார், நெற்றியைப் பார் என்று 1876-ல் புத்தகம் எழுதினார். ஐரோப்பா முழுவதும் அதைப் படித்தது. அவரை ஒரு கொடுங்கோலர் என்று நினைத்து விடாதீர்கள். உழைப்பாளி, தாம் உண்மையைத் தேடுவதாகவே மனமார நம்பியவர். தம் உடலையும் ஆராய்ச்சிக்கென்று எழுதி வைத்து விட்டுப் போனார். இன்று டூரின் நகரத்தில் அவர் பெயரால் உள்ள காட்சிசாலையில் வில்லெல்லாவின் மண்டையோடும் இருக்கிறது, லொம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் நிற்கிறது. மண்டையோட்டைத் திருப்பித் தாருங்கள், எங்கள் ஊர்க்காரனை நாங்கள் அடக்கம் செய்து கொள்கிறோம் என்று வில்லெல்லாவின் ஊரார் இந்த நூற்றாண்டில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்கு அவன் ஒரு 'மாதிரி' அல்ல, ஊர்க்காரன். நினைத்துப் பார்த்தால் இந்த வழக்கு அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த நல்ல மறுப்புரை.

இத்தாலி வரைக்கும் போவானேன்? லொம்ப்ரோசோ புத்தகம் எழுதுவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1871-ல், வெள்ளைக்காரன் இந்த நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்து விட்டான். இங்கே தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன், ஆகவே திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்பது அவன் கண்டுபிடித்த சாஸ்திரம். நம்முடைய ஜாதியைப் பார்த்துத்தான் அந்தச் சாஸ்திரத்தை அவன் கற்றுக் கொண்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லி விட வேண்டும். 1911-ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. மதுரை வட்டாரத்துக் கள்ளர் நாட்டில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. வயது வந்த ஆண் பிள்ளை ஒவ்வொருவனும் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது. போலீஸ் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளைக்கும் அதுதான் விதி. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மாட்டோம் என்று ஊர் திரண்டு நின்றது. போலீஸ் சுட்டது. பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு.

அந்த ரேகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைரேகையை வகைப்படுத்திக் கண்டுபிடிக்கும் முறை இந்திய மண்ணில் வளர்ந்த விஞ்ஞானம். 1897-ல் கல்கத்தாவில் அதற்கு ஓர் அலுவலகமே திறந்தார்கள். அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்த முறைக்கு அவர்களுடைய மேலதிகாரியான துரையின் பெயர் வழங்கிற்று. அது வேறு கதை. அந்த விஞ்ஞானம் சொல்வது என்ன? ஒருவன் ரேகை போல் இன்னொருவன் ரேகை இல்லை. ஒவ்வொருவனும் தனித்தனி மனிதன். அந்த விஞ்ஞானத்தைக் கையில் வைத்துக் கொண்டு, 'இந்த ஜாதியார் எல்லாரும் ஒன்றே' என்று ஒரு சட்டத்தை நடத்தினார்கள். படித்தவர்கள்தான் நடத்தினார்கள்.

1947-ல் சென்னை மாகாணமும் 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டத்தை ஒழித்தன. ஆனால் சட்டம் செத்தாலும் பழக்கம் சாவதில்லை. பல மாநிலங்களின் சிறை விதிப் புத்தகங்களில் 'பழக்கக் குற்றவாளி' என்றும் 'நாடோடிக் கூட்டத்தார்' என்றும் பழைய வாசனை தொடர்ந்தது. எந்த ஜாதிக் கைதி சமைப்பது, எந்த ஜாதிக் கைதி கூட்டுவது என்றுகூட அவற்றில் எழுதியிருந்தது. ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் அவற்றை அடித்துப் போட்டது 2024-ஆம் ஆண்டு அக்டோபரில். 1871-லிருந்து எண்ணினால் நூற்றைம்பத்து மூன்று வருஷம்.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதனை மறந்து விட்டு வகையைப் பார்த்தவர்களின் கதை. இதைக் கேட்டு விட்டுத் தலையை ஆட்டுவது சுலபம். நமக்குக் கோபம் வருகிறது; கோபம் வந்ததனால் நாம் நல்லவர்கள் என்று ஒரு திருப்தியும் வருகிறது. அந்தத் திருப்தியைக் கெடுக்கிற கதை ஒன்று உண்டு. அதை அறிந்த நாளிலிருந்து அடிக்கடி அதை நினைத்துக் கொள்கிறேன்.

1982-ல் சிகாகோ நகரத்தில் ஒரு பூங்காவின் நீச்சல் குளத்தருகே இளம் ஜோடி ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. ஆந்தனி போர்ட்டர் என்ற கறுப்பரைப் பிடித்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். 1998 செப்டம்பரில், தண்டனை நிறைவேற இரண்டு நாள் இருக்கும்போது, இவருக்குத் தண்டனையைப் புரிந்து கொள்ளும் மனவளர்ச்சி இருக்கிறதா என்ற கேள்வியில் கோர்ட் நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள் சிலர், தங்கள் ஆசிரியரின் தூண்டுதலில், வழக்கைக் கையில் எடுத்தார்கள். பூங்காவுக்குப் போய் நின்று பார்த்தார்கள். சாட்சி சொன்ன இடத்திலிருந்து சாட்சி சொன்னதைப் பார்த்திருக்க முடியாது என்று கண்டார்கள். சாட்சியும் பிறழ்ந்தார். அவர்களோடு வேலை செய்த தனியார் துப்பறிவாளர் ஒருவர் 1999 பிப்ரவரியில் ஆல்ஸ்டரி சைமன் என்பவரிடம் போய், "நான்தான் சுட்டேன்" என்ற வாக்குமூலத்தைப் படம் பிடித்துக் கொண்டு வந்தார். போர்ட்டர் விடுதலையானார். சிறை வாசலில் அவர் அந்தப் பிள்ளைகளைக் கட்டித் தழுவிக் கொண்டதை உலகம் பார்த்தது.

எப்பேர்ப்பட்ட காட்சி! இருபது வயதுப் பிள்ளைகள், பாடத்துக்காகச் செய்த வேலையில், ஓர் உயிரை எமன் வாயிலிருந்து பிடுங்கி விட்டார்கள். அடுத்த வருஷம் இல்லினாய் மாநில கவர்னர் மரண தண்டனைகளை நிறுத்தி வைத்தார். 2003-ல் மரணத்தை எதிர்நோக்கி இருந்த நூற்றறுபதுக்கும் மேற்பட்டவர்களின் தண்டனையைக் குறைத்தார். 2011-ல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது. கல்லூரிப் படிப்பு எதைச் சாதிக்கும் என்று கேட்கிறவனுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு நாவல் எழுதியிருப்பேன்.

முடியவில்லை. சைமன் குற்றத்தை ஒப்புக் கொண்டு முப்பத்தேழு வருஷத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போயிருந்தார். அந்த வாக்குமூலம் எப்படி வந்தது? துப்பறிவாளர் ஒரு பொய்ச் சாட்சியைப் பேச வைத்துப் படமெடுத்து, "பார், உன்னைக் கண்ணால் கண்டவன் பேசுகிறான்" என்று சைமனிடம் காட்டியிருக்கிறார். சைமன் சீக்கிரமே தம் வாக்குமூலத்தை மறுத்தார். கேட்பார் இல்லை. ஏனென்றால் அவர் சிறையில் இருப்பது ஒரு நல்ல கதையின் முடிவாக இருந்தது. 2014 அக்டோபரில் அரசுத் தரப்பு வழக்கறிஞரே வழக்கை மறுபடி ஆராய்ந்து, அந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று சொல்லி, அவரை விடுவிக்கச் செய்தார். பதினைந்து வருஷம் கழித்து! இன்று அந்த இரண்டு பேரில் எவரையும் சட்டம் குற்றவாளி என்று சொல்லவில்லை. பூங்காவில் செத்துப் போன அந்த ஜோடியை யார் சுட்டார் என்று சட்டத்தில் பதில் இல்லை.

அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் போலீஸின் முறைகளைச் சந்தேகித்தார்கள், சரியான சந்தேகம். ஆனால் தங்கள் பக்கம் நின்றவரின் முறையைச் சந்தேகிக்க அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரு நிரபராதியைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணம், ஒரு குற்றவாளியைப் பிடித்து விட்டோம் என்ற போலீஸ்காரனின் எண்ணத்தைப் போலவே கண்ணை மறைக்கும். பார்க்கப் போனால் கூடுதலாகவே மறைக்கும். போலீஸ்காரனுக்காவது தன்னை யாரோ கேள்வி கேட்பார்கள் என்ற பயம் இருக்கிறது. நல்ல காரியம் செய்கிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது. குற்றவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே போர்ட்டர் கதையைச் சொல்ல வேண்டும். கடைசி வருஷத்தில் சைமன் கதையைச் சொல்ல வேண்டும். நடுவில் மற்றப் பாடங்களை நடத்திக் கொள்ளலாம்.

இனி என் தங்கை மகள் விஷயம். அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் சண்டை. "போலீஸ் வேலைக்குப் போகப் போறியா, வக்கீலாகப் போறியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார் அவள் அப்பா. இரண்டும் இல்லை என்றாள். சேர்ந்தும் விட்டாள். முதல் வருஷக் கடைசியில் வகுப்போடு ஒரு சிறைச்சாலையைப் பார்க்கப் போய் விட்டு வந்தவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கை சொன்னாள். நான் போயிருந்தபோது திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அங்க தறி போடுற இடத்துல ஒருத்தர் இருந்தார். எங்க அப்பா வயசு. எங்க அப்பா மாதிரியேதான் பேசினார். நூல் அறுந்தா எப்படி முடிச்சுப் போடணும்னு என் கையைப் பிடிக்காத குறையாச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வரல, அவர் சிரிச்சார். வெளியே வந்த பெறகு வார்டர் சொல்றார், பெண்டாட்டிய மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினவன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப நான் எதை மறக்கணும் மாமா? அந்த முடிச்சையா, அந்தப் பொம்பிளையையா?"

எழுத்தாளனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அவன் வாயில் பதில் தயாராக இருக்கும். மனிதனுக்குள் தெய்வமும் இருக்கிறது, மிருகமும் இருக்கிறது என்பான். சொன்னேன். அவள் விடவில்லை. "அது கதைக்குச் சரி மாமா. நாளைக்கு ஒருத்தரை விடலாமா கூடாதான்னு எழுதிக் கொடுக்கிற இடத்துல நான் உட்கார்ந்திருந்தா? தெய்வம் பாதி மிருகம் பாதின்னு எழுத முடியுமா?"

அவள் கேட்டது என் தொழிலைப் பற்றிய கேள்வி என்றும் எனக்குத் தோன்றிற்று. கதாசிரியர்கள் குற்றவாளிகளிடம் தாராளமானவர்கள். எந்தக் கொலைகாரனுக்கும் ஓர் ஏழைத் தாயை எழுதிக் கொடுத்து விடுவோம். இளமையில் பசியைக் கொடுப்போம். துரோகம் செய்த ஒரு சிநேகிதனைக் கொடுப்போம். கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் வாசகன் அவனை மன்னித்திருப்பான். செத்தவனுக்கு என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு பிணமாகக் கிடப்பதற்கு இடம் கொடுக்கிறோம். புரிந்து கொள்வதும் மன்னிப்பதும் ஒன்று என்ற ஒரு மயக்கத்தை நாங்கள் ஊரில் பரப்பி வைத்திருக்கிறோம். ஒன்றல்ல. ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு முழுவதும் புரியலாம். மன்னிக்கும் உரிமை புரிந்து கொண்டவனிடம் இல்லை. தீயில் வெந்தவளிடம் இருந்தது. அவள் அதை யாருக்கும் எழுதிக் கொடுத்து விட்டுப் போகவில்லை.

கதாசிரியனை விட்டுத் தள்ளுங்கள், கோர்ட்டாவது அவளை நினைத்ததா? வழக்குக் கட்டின் மேல் அட்டையைப் பாருங்கள். 'அரசு எதிர் இன்னார்' என்றிருக்கும். அரசு பெயர் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவன் பெயர் இருக்கிறது. செத்தவள் பெயர் உள்ளே எங்கோ, 'மேற்படியாள்' என்று கிடக்கும். குற்றம் ராஜாங்கத்துக்கு எதிரானது என்ற தத்துவத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. இல்லாவிட்டால் ஊர் பழிக்குப் பழி என்று வெட்டிக் கொண்டு சாகும். ஆனாலும் விலை அதிகம். குற்றவாளி விடுதலையானால் மேல் முறையீடு செய்ய, பாதிக்கப்பட்டவருக்கென்று ஓர் உரிமையை நம் சட்டம் கொடுத்தது 2009-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்துதான். அதுவரை அரசுக்கு மனம் இருந்தால் உண்டு. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனிப் பாடமே இப்போது இந்தப் படிப்பில் இருக்கிறதாம். என் மருமகள்தான் சொன்னாள். அந்தப் பாடத்தைக் கதாசிரியர்களுக்கும் கட்டாயமாக்கலாம்.

அவளுக்கு நான் ஒரு வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் டெம்பிள் பல்கலைக்கழகத்து ஆசிரியை லோரி பாம்ப்பா 1997-ல் தொடங்கியது. கல்லூரி மாணவர்களைச் சிறைக்குள் அழைத்துப் போய், கைதிகளைக் காட்டி விட்டுத் திரும்பி அழைத்து வருவதில்லை. மாணவர்களும் கைதிகளும் ஒரே வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் படித்து, ஒரே வீட்டுப் பாடத்தை எழுதுகிறார்கள். இந்த யோசனையைச் சொன்னவரே ஓர் ஆயுள் கைதி. அங்கே சில விதிகள் உண்டு. முதற்பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. என்ன குற்றம் செய்தாய் என்று கேட்கக் கூடாது. வகுப்பு முடிந்த பிறகு கடிதம், சந்திப்பு எதுவும் கூடாது.

"அது நல்லா இருக்கே" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, "கேட்கக் கூடாதுன்னா, அந்தப் பொம்பிளை வகுப்புக்குள்ள வரவே முடியாதே மாமா" என்றாள்.

எனக்கும் அந்த விதியில் அந்த ஒரு சங்கடம்தான். மனிதனை அவன் செய்த காரியத்தின் பெயரால் கூப்பிடாமல் இருப்பது பெரிய மரியாதை. லொம்ப்ரோசோவின் சீடர்கள் செய்யாத மரியாதை. ஆனால் வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்காக அந்த வகுப்பை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியை யாரும் எடுத்து மடக்கி மூலையில் வைத்து விடக் கூடாது என்று மட்டும் சொல்வேன். தறிக்காரரின் முடிச்சையும் மறக்க வேண்டாம், அந்தப் பெண்ணையும் மறக்க வேண்டாம். இரண்டும் உனக்குத் தொந்தரவாக இருக்கிற வரையில் நீ அந்த வேலைக்கு லாயக்கு என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை. ஆனால் இதை விடச் சுலபமான பதில் சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்றவாளியை என்ன செய்வது என்று நாம் இவ்வளவு தூரம் தத்துவம் பேசுகிறோமே, நம் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகளே அல்ல. அதாவது, இன்னும் அல்ல. 2022-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி நாடு முழுவதும் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு. அவர்களுடைய முகத்தில் தெய்வமா மிருகமா என்று பார்க்க வேண்டிய கட்டமே வரவில்லை. தேதியைப் பார்க்க வேண்டிய கட்டம்தான். 1979-ல் பீகார்ச் சிறைகளைப் பற்றி ஹுசைனாரா காதூன் வழக்கு வந்தபோது, தங்கள்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்டனையோ அதற்கும் மேலான காலத்தை விசாரணை இல்லாமலே சிறையில் கழித்தவர்கள் இருந்தார்கள் என்பது தெரிய வந்தது. அது நீதிபதிகளுக்குத் தெரிந்தது பத்திரிகைச் செய்தி வழியாக.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிற புதிய நடைமுறைச் சட்டத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத் தக்க குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்து விட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும். முன்னால் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத, முதல் தடவைக்காரராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கே போதும். அந்த நாள் வந்ததும் கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டிய பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் தலையில் வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கைதியும் உள்ளே வந்த தேதியைப் பார்த்து, பிரிவைப் பார்த்து, நாளை எண்ண வேண்டும். ஒருவர் பேரில் இரண்டு வழக்கு இருந்தால் கணக்கு வேறு. வாய்தாவுக்கு அழைத்துப் போக வழிக்காவல் போலீஸ் வரவில்லை என்று தள்ளிப் போன தேதிகள் வேறு.

இரண்டாம் வருஷ ஆராய்ச்சிக் கட்டுரைக்கு என் மருமகள் எடுத்துக் கொண்டிருப்பது இந்தக் கணக்கைத்தான். ஒரு கிளைச் சிறையின் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். அனுமதி வரும் வரை கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, யார் யார் வழக்கு எதற்காக ஒத்திப் போகிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டிருக்கிறாள். "இதுக்குத்தானா இவ்வளவு படிப்பு?" என்றார் அவள் அப்பா, நோட்டைப் புரட்டிப் பார்த்து விட்டு. பிறகு என்ன நினைத்தாரோ, கடைக்குப் போய் இன்னும் ஒரு டஜன் நோட்டு வாங்கிக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார்.